கைராசி என்று பெயர் எடுத்தவள்

நான் பம்ப் பார்க்கிறவன். ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் எஃகுப் பெட்டிகளுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவது என் பிழைப்பு. நாள் பூராவும் பம்பை ஓடவிட்டு, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று மீட்டர் காட்டிய பிறகு முனைவர் பட்டம் வாங்கிய எங்கள் டாக்டரம்மா வந்து, "உள்ள இருக்கிற வெற்றிடம் சும்மா இல்ல, அது தள்ளும்" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் குறை சொல்கிறாரோ என்று நினைத்தேன். "உள்ள ஒண்ணும் இல்ல மேடம், வேணும்னா மீட்டரைப் பாருங்க" என்று கொஞ்சம் முறைப்பாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் நெருக்கமாக வைத்துக் காட்டினார். காற்று போனாலும் வெளிச்சம் போனாலும் வெற்றிடத்தில் ஓர் ஓயாத நடுக்கம் இருந்துகொண்டே இருக்குமாம். இரண்டு பரப்புகளை மிக மிகக் கிட்டத்தில் கொண்டுவந்தால், அந்த இடுக்கில் எல்லா நடுக்கமும் அடங்காது. வெளியே கூட்டம், உள்ளே இடநெருக்கடி. வெளியே நிற்கும் கூட்டம் இரண்டையும் சேர்த்து நெருக்கிவிடும். "தலைமுடியை நானூறாப் பிளந்தா ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? அந்த இடைவெளிக்கு வந்தாத்தான் இது வேலையைக் காட்டும்" என்றார். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் என் வேலையில் குறை இல்லை என்பது மட்டும் புரிந்தது, அதோடு மனசு ஆறிப்போனது.

மிகச் சின்னக் கருவிகள் செய்கிறவர்களுக்கெல்லாம் இந்த விசை ஒரு தலைவலி. கண்ணுக்குத் தெரியாத பற்சக்கரம், கண்ணுக்குத் தெரியாத நெம்புகோல் என்று என்னத்தைச் செய்தாலும், கிட்டத்தில் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியமாட்டேன் என்னும். எங்கள் டாக்டரம்மா அந்தத் தலைவலியையே சம்பளமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தார். தங்கம் பூசிய ஒரு குட்டித் தகடு, இரண்டு மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் மாதிரித் தொங்கும். மேலிருந்து தங்கம் பூசிய ஒரு குண்டு மணியை இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் தகடு தானாகத் தலைசாய்க்கும். எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால், நடுவில் இருக்கும் தூரம் இம்மி பிசகினாலும் தெரிந்துவிடும். கட்டடம் லேசாக அசைவதைக்கூடக் கண்டுபிடிக்கும் உணர்கருவி இதிலிருந்து செய்யலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஒரு நூலிழை அதிகமாக இறக்கிவிட்டால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டினதுதான். அந்தத் தகட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

இந்த மணியை இறக்குகிற நாற்காலியில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவள் உட்கார்ந்தால் தகடு ஒட்டாது. மற்றவர்கள், படித்துப் பட்டம் வாங்கினவர்கள் உட்பட, ஆளுக்கொன்றாக ஒட்டவைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அதனால் அவளுக்குக் கைராசி என்று பேராகிவிட்டது. வாசல் காவலாளிக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோய்விட்டது.

அந்தப் பெயர் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பது அவள் பிறந்த வீட்டைத் தெரிந்தால்தான் புரியும். மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். அக்காவுக்குப் புதுத்துணி, தங்கைக்குச் செல்லம், இவளுக்கு அக்கா போட்டுக் கழித்தது. அப்பா பேருந்து ஓட்டுநர். வீட்டுக்கு வரும்போது அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், தங்கையைத் தூக்கிக்கொள்வார், இவளிடம் செருப்பை எடுத்து உள்ளே வைக்கச் சொல்வார். டிப்ளமோ முடித்து, ஒரு கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்குக் குட்டி குட்டி ஆணி முடுக்கிக்கொண்டிருந்தவள், அங்கிருந்து இங்கே வந்தாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளுக்கென்று ஒன்றைக் கொடுத்ததில்லை. இந்தப் பெயர்தான் முதல் தடவை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வீட்டுக்கு இளைய மகன். அண்ணன்காரருக்கு வெகுநாள் கல்யாணம் தட்டிப்போய், ஒருவழியாக நடந்தது. வந்த பெண் இவளைவிட வயதில் மிகவும் சின்னவள். ஆனால் மூத்தவரின் மனைவி. மாமியார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வயசு கிடக்குது வயசு. பெரியவன் பொண்டாட்டி பெரியவ. நீ அக்கான்னுதான் கூப்பிடணும்."

ஆக, தன் தங்கையைவிடச் சின்னவளை அக்கா என்று கூப்பிட வேண்டிய கதி. அந்தப் பெண்ணோ, வயதுக்கு மரியாதை கொடுத்து இவளை அக்கா என்று கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அக்கா அக்கா என்று கூப்பிட, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆண்கள் விழிப்பார்களாம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெரிய மருமகள் இயற்பியல் படித்தவள். வேலை தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் கூடத்தில் ஓர் இடம் காலியானது. வந்து சேர்ந்துவிட்டாள்.

"வீட்டுலதான் கூப்பிட்டுத் தொலைக்கிறேன். இங்க நான் அவள அக்கான்னு கூப்பிட மாட்டேன்" என்று முதல் நாளே கைராசி என்னிடம் வந்து சபதம் போட்டாள். அன்றிலிருந்து கூடத்துக்குள் அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டுமென்றால் "இங்க பாரு" தான்.

என்னிடம் ஏன் வந்து சொன்னாள் என்றால், என் பம்ப் அறை அப்படி. உள்ளே மூன்று பம்ப் ஓடும். பக்கத்தில் இருப்பவனிடமே தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும், வாசலைத் தாண்டி ஒரு சொல் போகாது. வெளியில் சொல்ல முடியாததைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடையாது. டீ நேரத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கத்த ஆரம்பிப்பாள். நானும் தலையாட்டிக்கொண்டே நட்டு முடுக்குவேன்.

"அண்ணே, அவ போட்ட குழம்பு நல்லா இருக்காம்! அத்தை ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க! இத்தன வருஷமா நான் போட்டது என்ன கழனித்தண்ணியா?"

"அண்ணே, எம்புள்ள பாடத்துல சந்தேகம்னா என்கிட்ட வர்றதில்ல. மாடிக்கு ஓடறான். பெரியம்மா நல்லா சொல்லித் தர்றாங்களாம்!"

"அண்ணே, இன்னிக்கி மேடம் அவ தோள்ல கை போட்டுப் பேசினாங்க. என் தோள்ல என்ன முள்ளா இருக்கு?"

வீட்டு விஷயமாக இருந்தவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு டாக்டரம்மா அந்தப் பெண்ணையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்க ஆரம்பித்தார். முதல் தடவை இறக்கினாள், ஒட்டவில்லை. அடுத்த தடவையும் ஒட்டவில்லை. அப்புறமும் ஒட்டவில்லை. டாக்டரம்மா கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கைதட்டி, "அட, உனக்கும் கைராசி வந்துடுச்சே! குடும்ப ராசி போல!" என்றார். எங்கள் கூடத்துக்குள் ஒரு தூசி நுழைய முடியாது, அவ்வளவு வடிகட்டிகள் வைத்திருக்கிறோம். அன்றைக்குக் கைராசியின் காதிலிருந்து வந்த புகையை எந்த வடிகட்டியாலும் தடுக்க முடியவில்லை.

நேராக என் அறைக்கு வந்தாள். ஸ்டூலில்கூட உட்காரவில்லை. மணியை இறக்கும் நேரத்தில் அதிர்வு கூடாது என்பதால், உள்ளே இருப்பவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், என் அறையில் சிவப்பு விளக்கு எரியும், நான் மூன்று பம்பையும் நிறுத்திவிட வேண்டும். பழக்கதோஷம். உள்ளே வேறு யாரோ பொத்தானை அழுத்த விளக்கு எரிந்தது, என் கை தானாகப் போய் நிறுத்தியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவளுக்கு ஒரு எழவும் தெரியாதுண்ணே! குருட்டு அதிர்ஷ்டம்! என் பேரையும் பிடுங்கிக்கத்தான் வந்திருக்கா!"

அமைதியான அறையில், அமைதியான தாழ்வாரத்தில், அத்தனை எழுத்தும் கணீரென்று ஒலித்தது. வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கைராசியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தேன்.

"அக்கா, கையுறை தீர்ந்துடுச்சு. புது டப்பா இங்கதானே இருக்கு?" என்றாள் அந்தப் பெண். அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

"கேட்டிருக்குமா அண்ணே?" என்றாள் கைராசி, இப்போது கிசுகிசுவென்று.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்" என்றேன்.

கருவியை வாங்கித் தயாரிக்கலாமா என்று பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக முடிவானது சில வாரம் கழித்து. நல்ல நிலையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தகடு. புதிதாக ஒன்று செய்ய மாதக்கணக்காகும். அதனால் நாற்காலியில் தான்தான் என்று கைராசி சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள், வெள்ளை அங்கிக்குள் சேலை யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"உன் கைய நம்பியே எத்தன நாள் ஓட்டறது? வர்றவங்க கேக்கப் போற முதல் கேள்வியே, யார் உக்காந்தாலும் வேலை செய்யுமாங்கிறதுதான். அதனால புதுசா வந்த பொண்ணு உக்காரட்டும். நீ வெளிய நின்னு பாத்துக்க."

நியாயமான பேச்சு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் அறையில் வந்து கத்தக்கூட இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுடைய கைராசி கைராசியே இல்லை. இது எனக்கே பிற்பாடுதான் தெரியும். தங்கத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில்கூட ஒரு சின்ன மின்சார ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்குமாம். அதுவும் தன் பங்குக்கு இழுக்கும். அதை ஓர் எதிர் மின்னழுத்தம் கொடுத்து அடக்கி வைத்தால்தான் வெற்றிடத்தின் இழுப்பு மட்டும் தனியாகத் தெரியும். அந்த எதிர் அளவு நிலையாக இருக்காது, பெட்டியைத் திறந்து மூடினால் கட்டாயம் மாறும். மேசையின் இடது பக்கத்தில் ஒரு சின்ன நாப், அதாவது திருகுகிற குமிழ், உண்டு. கைராசி ஒவ்வொரு தடவையும் மணியை உயரத்திலேயே நிறுத்திவைத்து, அந்த நாப்பை அப்படியும் இப்படியும் திருப்பி, தகடு எந்த இடத்தில் ஆகக் குறைவாகச் சாய்கிறது என்று பார்த்து, அதன் பிறகே கீழே இறக்குவாள். டாக்டரம்மாவுக்கு இந்தப் பாடமெல்லாம் தலைகீழாகத் தெரியும். அவரே ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். எல்லாரும் அதைச் செய்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கணினியில் பழைய எண் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். கைராசி இதை யாரிடமும் வாய்திறக்கவில்லை. சொன்னால் பெயர் போய்விடும் அல்லவா?

அந்தப் பெண் நாப்பைத் தொடாமலே தப்பித்ததற்குக் காரணம், அந்த வாரங்களில் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை. அளவு பெரிதாக மாறவில்லை. கைராசி சொன்ன குருட்டு அதிர்ஷ்டம் வயிற்றெரிச்சலில் சொன்னதென்றாலும் உண்மைதான்.

ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஒன்று விட்டுப்போய், பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. நான்தான் திறந்து மாற்றினேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "சரி, திரும்ப எல்லாத்தையும் பாத்துக்குவாங்க" என்றார். டீக்கு வந்த கைராசி தரையில் கிடந்த பழைய வளையத்தைப் பார்த்தாள்.

"பெட்டியத் திறந்தீங்களா அண்ணே?"

"ஆமா."

அவள் முகம் மலர்ந்தது. பல நாள் கழித்து டீயை ரசித்துக் குடித்தாள். எதற்கு இந்தச் சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். உள்ளே அந்தப் பெண் மட்டும், தலைமுதல் கால்வரை வெள்ளை உறை, கண் மட்டும் தெரிந்தது. வெளியே மைக்குக்குப் பக்கத்தில் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் கைராசி, கையைக் கட்டிக்கொண்டு. சிவப்பு விளக்கு எரிந்தது, பம்பை நிறுத்திவிட்டு நானும் வந்து ஓரமாக நின்றேன். திரையில் ஒரு கோடு மெல்ல ஓடியது. மணி இறங்க இறங்கத் தகடு சாயும், கோடு மேல்நோக்கி வளையும்.

பெண் நாப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக இறக்க ஆரம்பித்தாள்.

அப்போது தன் மனசில் ஓடியதையெல்லாம் கைராசி பிற்பாடு பம்ப் சத்தத்தில் என்னிடம் கத்திக் கொட்டியிருக்கிறாள். ஒட்டட்டும் என்று இருந்ததாம். ஒட்டினால் எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள், நீ உட்கார்ந்திருக்கக்கூடாதா என்பார்கள், மாமியார் காதுக்கும் போகும். வயிறு குளிரக் காத்திருந்தாளாம். கோடு வளைய வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே வளையத் தொடங்கியது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். கைராசி திரையைப் பார்த்தாள். அதில் தெரிந்த தகடு அவள் கழுவி எடுத்தது, அவள் உலர்த்தியது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பெட்டிக்குள் வைத்தது. அதைப் போய் இன்னொருத்தி ஒட்டவைக்கப் போகிறாள். அது பொறுக்கவில்லையாம் அவளுக்கு. ஒட்டவைப்பதானால்கூட அவள்தான் ஒட்டவைக்க வேண்டுமாம்.

டாக்டரம்மாவைத் தள்ளிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"நிறுத்து! இறக்காத! மேல தூக்கு, மேல தூக்கு! இடது பக்கம் சின்ன நாப் இருக்கு பாரு, அதத் திருப்பு. மெதுவா. கோடு எங்க ரொம்பக் கீழ வருதோ அங்க நிறுத்து. நேத்து பெட்டியத் திறந்திருக்காங்க, பழைய எண் செல்லாது!"

உள்ளே இருந்த கண்கள் ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தன. கை நாப்புக்குப் போனது. கோடு ஏறி, இறங்கி, நின்றது. பிறகு மணி இறங்கியது. தகடு சாய வேண்டிய இடத்தில் அழகாகச் சாய்ந்தது, திரும்ப நிமிர்ந்தது. கம்பெனிக்காரர்களில் மூத்தவர் கைதட்டிவிட்டு, "அப்ப, அந்த நாப்பைத் திருப்பத் தெரிஞ்சா யார் வேணும்னாலும் செய்யலாம், இல்லையா? அதையும் கருவிக்குள்ளயே தானா பாத்துக்கற மாதிரி செஞ்சுடலாமே" என்றார். கைராசியின் பெயர் அந்த இடத்திலேயே காலமாகிவிட்டது.

பெண் உறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். டாக்டரம்மா கைராசி பக்கம் திரும்பினார். சிரிக்கவில்லை.

"இது அடிப்படையான விஷயமாச்சே. நீ இத்தன நாளா இவளுக்கு இதச் சொல்லிக் கொடுக்கலையா?"

விருந்தாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "முதல் நாளே சொன்னாங்க. நான்தான் பதட்டத்துல மறந்துட்டேன்."

டாக்டரம்மா அவளைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு எங்களை விடும் வேனில் இருவரும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். வேன் பாதி தூரம் வந்திருந்தது. கைராசி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் பொய் சொன்ன?"

"நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான்."

"நான் வேணும்னேதான் சொல்லாம இருந்தேன். அதுவாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா. பம்ப் ரூம்ல கேட்டதுதானே." அந்தப் பெண் மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா உங்க இடத்துல நான் இருந்திருந்தா, மைக்குல கூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஒட்டட்டும்னு விட்டிருப்பேன்."

கைராசி திரும்பி அவளைப் பார்த்தாள்.

நாப் திருப்புவது நான்காவது படி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். இப்போது யார் உட்கார்ந்தாலும் தகடு ஒட்டுவதில்லை. ஒரு நாள் என்னையே உட்காரவைத்தார்கள், எனக்கும் ஒட்டவில்லை. காவலாளி மறுபடி அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கைராசி என்று யாரும் கூப்பிடுவதில்லை, ஒருத்தியைத் தவிர.

போன வாரம் டீ நேரத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்று பம்பும் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, குழம்பும் நல்லா வைக்கிறா! படிச்சும் இருக்கா! எம்புள்ளையும் அவ பின்னாடி போறான்! போதாக்குறைக்கு நல்லவளாவும் இருக்கா! எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வைக்கக்கூடாதா? கடைசில என் பேரைக்கூட அவதான் காப்பாத்தணுமா?"

கண்ணில் நீர் கட்டியிருந்தது. நான் தலையாட்டிக்கொண்டு நட்டு முடுக்கினேன். வாசலில் வெள்ளை உறையோடு அந்தப் பெண் வந்து நின்றாள்.

"கைராசிக்கா, மேடம் கூப்பிடறாங்க."

அவ்வளவு சத்தத்தில் அது காதில் விழ வாய்ப்பே இல்லை. எனக்கே உதட்டசைவை வைத்துத்தான் தெரிந்தது. இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதோ வரேன்க்கா" என்று கத்தினாள்.